கூடுதலாக ஒரு 'க்'

நகரி,
7.10.2025

அன்பு மகள் உதயாவுக்கு நைனா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் என் இரண்டு முழங்கால்களும் ஓரளவு சுகம். அங்கே உன் சுகத்தையும், லடாக் குளிரில் அடிக்கடி ரத்தம் வருகிறதென்று சொன்னாயே, அந்த மூக்கின் சுகத்தையும் தெரிந்துகொள்ள ஆசை.

போன ஞாயிற்றுக்கிழமை நம் தெருமுனையில் என் மானம் எட்டடிக்கு ஆறடி அளவில், கலரில், நாலு மூலையிலும் கயிறு கட்டித் தொங்கியது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் மலையில் டவர் கிடைக்கிற நேரத்தில் நான் திருப்பதி பஸ்ஸில் டிக்கெட் போட்டுக்கொண்டிருக்கிறேன். நான் வீட்டில் இருக்கும்போது கிடைத்தால் போன் உன் அம்மாவிடம் இருக்கிறது. என் பங்குக்கு மிஞ்சுவது, "உம், ஒடம்ப பாத்துக்கோ" மட்டும். தவிர, இதை வாயால் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

நீ டாக்டர் பட்டம் வாங்கியதற்கு பேனர் வைக்கவேண்டும் என்றது உன் அம்மாதான். புத்தூரிலிருந்து முரளிதரன் வீட்டார் பெண் கேட்டு வருகிறார்கள், தெருவுக்குள் நுழையும்போதே அவர்கள் கண்ணில் படவேண்டும் என்பது அவள் ஏற்பாடு. (பையன் ஸ்ரீ சிட்டியில் சூப்பர்வைசர் என்று சொன்னேனே, அவர்கள்தான். வருகிறார்கள் என்றதும் நீ உடனே "சரி நைனா" என்றாய். அதில் உன் அம்மாவுக்கு மகா திருப்தி.) நான் ஒரு தாளில் விஷயத்தை எழுதி நாகபூஷணம் கடையில் கொடுத்தேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, நகரியில் எல்லா பேனரும் அவன் கடையில்தான். நான் எழுதியது 'காமா கதிர்'. அவன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு இலக்கணம் தெரியும்போல. இரண்டு சொல் சேர்ந்தால் நடுவில் ஒற்று வரவேண்டுமாம். 'மா'வின் காலை வெட்டி, ஒரு 'க்' சேர்த்துத் திருத்திவிட்டார். பேனரில் உன் பட்டமளிப்புப் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் இருந்தது இதுதான்:

'காமக் கதிர்களின் பிறப்பிடத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்ற எங்கள் செல்ல மகள் உதயாவை வாழ்த்துகிறோம்!'

நான் கண்ணாடி போடாமல் போய்க் கயிறு கட்டிவிட்டு வந்தேன். புத்தூர்க்காரர்கள் காரை நிறுத்தி, இறங்கி, நின்று படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். பையனின் அப்பா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, "ஏங்க, வெளில எழுதிக்கீதே... அது எங்கேர்ந்து வருதுன்னா பாப்பா படிச்சிது?" என்றார்.

எனக்கு பேனர் விஷயம் தெரியாதே! ஆர்வமாகச் சொன்னேன். "அது நம்ம பால்வெளிக்கு நடுவுலேர்ந்து வருதுங்க. ரெண்டு பெரிய குமிழி கீது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ராத்திரில மட்டுந்தான் ஆராய்ச்சி. அதுவும் நிலா இருக்கக்கூடாது."

பையனின் அம்மாவுக்குக் காபி புரை ஏறிவிட்டது. உன் அம்மா ஓடிப்போய்த் தலையில் தட்டினாள். அந்த அம்மா மூச்சு திரும்பியதும் கேட்டது: "டாக்டர்னு தரகர் சொன்னாரு. பஸ் ஸ்டாண்டு சுவத்துல நோட்டீஸ் ஒட்டி, லாட்ஜில வந்து தங்குவாங்களே, அந்த டாக்டரா?"

பஜ்ஜியைத் தொடாமலே போய்விட்டார்கள். அப்புறம்தான் உன் அம்மா தெருமுனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மற்றதை உன் கற்பனைக்கு விடுகிறேன். பஜ்ஜியை நானே தின்றேன்.

இப்படிக்கு,
தெருவில் தலை நிமிராத உன் நைனா,
தணிகைவேல்

* * *

ஹான்லே,
25.10.2025

அன்புள்ள நைனாவுக்கு, உங்கள் மகள் உதயா. நான் நலம். மூக்கும் நலம், ராத்திரியில் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் முழங்காலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், சர்க்கரையைப் பற்றி மூச்சு விடவில்லை.

கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் இங்கே சமையல்காரர் வெளியே ஓடி வந்தார். இந்த உயரத்தில் அப்படிச் சிரித்தால் மூச்சு அடைக்கும், கூடாதாம். எங்கள் தொலைநோக்கியின் கண்ணாடிகளைப் பராமரிக்கும் எஞ்சினியர் சுரேஷ்பாபு அவர்கள் என்ன ஆயிற்று என்று விசாரித்தார். அவர் நம் பக்கத்து ஆள்தான், சித்தூர் ரோட்டில் புத்தலப்பட்டு. மரியாதையான மனிதர்.

இனிமேல் யாராவது கேட்டால் சரியாகச் சொல்லவேண்டும், கவனமாகப் படியுங்கள். நம் பால்வெளி ஒரு தோசை மாதிரி தட்டை. அதன் நடுவிலிருந்து மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, உப்பின பூரி மாதிரி இரண்டு ராட்சதக் குமிழிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் இருபத்தைந்தாயிரம் ஒளியாண்டு உயரம். கண்ணுக்குத் தெரியாது, காமா கதிரில்தான் தெரியும். நடுவில் இருக்கும் கருந்துளை எப்போதோ விட்ட ஏப்பமா, அங்கே கும்பலாகப் பிறந்து வெடித்த நட்சத்திரங்கள் ஊதியதா என்று இன்னும் சண்டை தீரவில்லை. அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? வானத்திலிருந்து வருகிற காமா கதிரில், இது இதனால் வருகிறது, அது அதனால் வருகிறது என்று தெரிந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். கழிக்க முடியாமல் மிச்சம் நின்றதுதான் குமிழி.

உங்களை ரொம்பத் திட்டவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள்,
உதயா

பி.கு.: புத்தூர்க்காரர்கள் அப்புறம் ஏதாவது சொன்னார்களா? சும்மா கேட்டேன்.

* * *

நகரி,
8.11.2025

அன்பு மகள் உதயாவுக்கு, நைனா. இங்கே மழை, மழையைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே குளிர் உன்னை என்ன பாடு படுத்துகிறதோ என்று உன் அம்மா தினமும் டிவியில் லடாக் பெயர் வருகிறதா என்று பார்க்கிறாள்.

உன் அம்மா நாகபூஷணம் கடைக்குப் போய்ச் சண்டை போட்டாள். அவன், "அக்கா, அச்சடிக்கிறதுக்கு முன்னாடியே மாதிரியை அண்ணன் போனுக்கு அனுப்பிட்டேன். அண்ணன் ஓகே போட்டாரு" என்று சாதித்துவிட்டான். வீட்டுக்கு வந்து என்னைப் பிடித்தாள். நான் என்ன செய்வேன்? எனக்கு வருவதற்கெல்லாம் ஓகே போடுகிற ஆள் நான். ரோஜாப்பூவோடு வரும் குட்மார்னிங்குக்கும் ஓகே, செத்துப்போன செய்திக்கும் ஓகே. டிப்போவில் அதற்காகவே அடி வாங்காத குறை.

உன் அம்மா உடனே வேறு பேனர் போடச் சொன்னாள். இந்தத் தடவை தெலுங்கில். தமிழில் காமாவுக்கும் அந்த கா, காக்காவுக்கும் அந்த கா. தெலுங்கில் காக்காவின் 'க'வுக்கு ஒரு எழுத்து, 'கங்கம்மா' என்று கனத்துச் சொல்கிற 'க'வுக்கு வேறு எழுத்து. தப்பே வராது. நாகபூஷணம் முன்னாலேயே சொன்னாள்: "நம்ம வூட்டு நல்ல விஷயம் எதுவானாலும் இனிமே தெலுங்குலயே போடுங்க. அதான் நமக்குச் சரியா வரும்." இப்போது அது தெருமுனையில் தொங்குகிறது. ஒரு சனமும் சிரிக்கவில்லை. ஒரு சனமும் படிக்கவுமில்லை.

பஸ்ஸில் எல்லோருக்கும் நீ எழுதியபடியே விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது பெண்களுக்கு டிக்கெட் இலவசம் ஆனதிலிருந்து பஸ்ஸில் முக்கால்வாசி அவர்கள்தான், கேட்க ஆள் பஞ்சமில்லை. நீ எப்போதோ சொன்ன காஸ்மிக் கதிரையும் நடுவில் சேர்த்ததும் வடமாலப்பேட்டையில் ஏறின ஒரு அம்மா, "காஸ்மெடிக்கா? உங்க பொண்ணுகிட்ட சொல்லி என் மருமவளுக்கு மொகத்துக்கு எதுனா அனுப்பச் சொல்லுங்க" என்றது. சரி என்று சொல்லிவிட்டேன். குளிரில் உன் முகத்துக்குத் தடவுவது இருந்தால் ஒன்று அனுப்பு.

புத்தூரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நீ சும்மா கேட்டாய் என்பதால் நானும் சும்மா சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் நைனா

பி.கு.: அந்த சுரேஷ்பாபு அவர்கள் புத்தலப்பட்டில் எந்தப் பக்கம்? சும்மா கேட்டேன்.

* * *

ஹான்லே,
24.11.2025

அன்புள்ள நைனாவுக்கு, உதயா வணக்கம். நலம். இங்கே தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது, வாளியில் ஐஸை உருக்கிக் குளிக்கிறோம். அதாவது குளிப்பதில்லை. சர்க்கரை பார்த்தீர்களா? மறுபடியும் மழையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வடமாலப்பேட்டை அம்மாவுக்காக இது. காஸ்மிக் கதிர் என்பது எங்கிருந்தோ பாய்ந்து வருகிற துகள், அதற்கு மின்னூட்டம் உண்டு. வழியெல்லாம் காந்தப்புலம். அது இழுக்கிற பக்கமெல்லாம் வளைந்து, சுற்றி, நம்மிடம் வந்து சேரும்போது எந்தத் திசையில் கிளம்பியதென்றே தெரியாது. ரேணிகுண்டாவில் பஸ் மாறி, புத்தூரில் ஆட்டோ மாறி, கடைசியில் உங்கள் பஸ்ஸில் ஏறி, "எங்க ஏறுன?" என்றால் "இங்கதான்" என்கிற பயணி மாதிரி. காமா கதிர் அப்படி இல்லை. மின்னூட்டம் கிடையாது, எதற்கும் வளையாது. பிறந்த இடத்திலிருந்து நேர்கோட்டில் வந்து முகத்தில் அறையும். அதனால்தான் காஸ்மிக் கதிர் எங்கே பிறக்கிறதென்று தெரிந்துகொள்ள, அது போகிற வழியில் எதிலாவது மோதிப் பிறப்பிக்கிற காமாவைப் பிடித்து விசாரிக்கிறோம்.

இதை விளக்கியபோது சுரேஷ் சொன்னார், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காஸ்மிக்கும் ஒரு காமாவும் இருக்குமாம். நம் வீட்டில் அம்மா காமா. நீங்கள் காஸ்மிக், நைனா. சர்க்கரை என்று கேட்டால் முழங்கால், மழை, நாகபூஷணம் என்று சுற்றி வருவீர்கள்.

புத்தலப்பட்டில் எந்தப் பக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உங்கள்,
உதயா

* * *

நகரி,
6.12.2025

அன்பு மகளுக்கு நைனா. எல்லோரும் சுகம். கார்த்திகை தீபத்தன்று காற்று, ஏற்றி வைத்த விளக்கில் பாதி அணைந்துவிட்டது. புத்தூர் ரோட்டில் பள்ளம் விழுந்து பஸ் சுற்றிப் போகிறது. மாவட்டத்தைப் பிரித்ததில் புத்தூர் திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது, நாம் சித்தூரில், பள்ளம் எந்த மாவட்டத்துடையது என்று தகராறு. எங்கள் டிப்போ முனிசாமியின் மைத்துனர் புது வண்டி வாங்கியிருக்கிறார். நாகபூஷணம் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் "காமா அண்ணா" என்கிறான்.

புத்தூர்க்காரர்கள் திரும்ப வந்தார்கள்.

சொந்தத்தில் ஒரு பிஎஸ்சி பையனிடம் விசாரித்திருக்கிறார்கள். காமா என்பது விஞ்ஞானம்தான், அசிங்கம் ஒன்றுமில்லை என்று அவன் சான்றிதழ் கொடுத்துவிட்டான். இந்தத் தடவை பஜ்ஜி முழுக்கத் தின்றார்கள். பெண் பிடித்திருக்கிறதாம். தை மாதத்தில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாமாம். ஒரு சின்ன விஷயம் மட்டும். கல்யாணத்துக்கு அப்புறம் லடாக் வேண்டாமாம், திருப்பதியில் ஏதாவது காலேஜில் பாடம் சொல்லட்டுமாம். "வானம் எல்லா ஊர்லயும் ஒண்ணுதானே. எங்க மாடில நின்னாகூட தெரியும்" என்றார் பையனின் அப்பா. அவர் மாடியில் டிஷ் ஆன்டெனாவும் இருக்கிறதாம்.

உன் அம்மா இப்போதே பட்டுப்புடவைக் கடை பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பதில் உன்னிடம்தான் இருக்கிறது. நீ என்ன சொல்கிறாய் என்று எழுது. காஸ்மிக்காக இல்லாமல் நேராக எழுது.

இப்படிக்கு,
உன் நைனா

* * *

ஹான்லே,
20.12.2025

அன்புள்ள நைனாவுக்கு,

சரி நைனா. உங்கள் இரண்டு பேர் இஷ்டம்.

இங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபது. ஆகாயம் தெளிவாக இருக்கிறது. சாப்பாடு பரவாயில்லை. தொலைநோக்கிக் கண்ணாடிகளில் பனி படிந்துவிட்டது, துடைத்தாயிற்று. மூக்கு நலம். அம்மாவுக்கு என் அன்பு. மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

உதயா

* * *

நகரி,
3.1.2026

அன்பு மகள் உதயாவுக்கு நைனா எழுதிக்கொள்வது. புது வருஷம் பிறந்ததும் உன் அம்மா என்னை ரத்தப் பரிசோதனைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். சர்க்கரை இருக்கிறது. நிறையவே இருக்கிறது. பார்த்தாயா, இந்தத் தடவை நேராகச் சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்தது. சின்னக் கடிதம். பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். நீ சொல்லிக்கொடுத்தபடி தெரிந்ததை எல்லாம் கழித்துப் பார்த்தேன். குளிர், கழித்தாயிற்று. சாப்பாடு, மூக்கு, மாத்திரை, கழித்தாயிற்று. கண்ணாடி துடைத்தாயிற்று என்று எழுதியிருக்கிறாய், துடைத்தவர் யார் என்று எழுதவில்லை. அக்டோபரில் அவர் 'சுரேஷ்பாபு அவர்கள்'. நவம்பரில் 'சுரேஷ்'. டிசம்பரில் ஆளையே காணோம். நான் இத்தனை வருஷம் கண்டக்டர். தினமும் முன் சீட்டில் உட்காருகிற பயணி ஒருநாள் திடீரென்று கண்ணில் படவில்லை என்றால், அன்றைக்கு அவன் பஸ்ஸில் இல்லை என்று அர்த்தமில்லை. டிக்கெட் இல்லாமல் சீட்டுக்குக் கீழே குனிந்திருக்கிறான் என்று அர்த்தம்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, டிப்போவில் முனிசாமியிடம் கேட்டு ஒரு வாரத்துக்கு டியூட்டி மாற்றிக்கொண்டேன். அவனுடைய சித்தூர் - திருப்பதி பஸ். காற்று மாற்றம் உடம்புக்கு நல்லதாம்.

முதல் நாளே புத்தலப்பட்டு ஸ்டாப்பில் ஒரு அம்மா ஏறியது. நல்ல உயரம், நல்ல குரல். பின்னாலேயே இரண்டு மூட்டை வெல்லம். ஆதார் கார்டைக் காட்டியது, இலவச டிக்கெட் கொடுத்தேன். மூட்டைக்கு லக்கேஜ் போட்டேன். பிடித்தது சனி.

"ஆடவாள்ளக்கி ஃப்ரீ கதா! பெல்லானிக்கி டிக்கெட்டா?"

பொம்பளைகளுக்கு ஃப்ரீ என்றார்களே, வெல்லத்துக்கு ஏன் டிக்கெட் என்கிறது. நான் சும்மா இருந்திருக்கலாம். பஸ் நிறைய ஜனம், நாக்கில் சனி. "அம்மா, நீங்க பொம்பளைதான், ஆதார் கீது, ஒத்துக்கறேன். இந்த வெல்லம் பொம்பளைன்னு எதுனா ஆதார் கீதா?" என்று தெலுங்கில் கேட்டுவிட்டேன். பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டிச் சிரித்தார்.

அந்த அம்மா எழுந்து நின்றது. என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தது. "நீ கூத்துருக்கி நாலாண்டி அத்த தொரகாலி!" என்று கை நீட்டிச் சாபம் விட்டது. உன் பொண்ணுக்கு என்னை மாதிரி ஒரு மாமியா கிடைக்கட்டும், அப்பத்தான் உனக்கு புத்தி வரும் என்று அர்த்தம்.

பிறகு உட்கார்ந்து போனை எடுத்து, பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி யாரிடமோ பேசியது. பையன் லடாக்கில் இருக்கிறானாம். நட்சத்திரம் பார்க்கிற கண்ணாடி துடைக்கிற பெரிய எஞ்சினியராம். அவன் மட்டும் இங்கே இருந்தால் இந்தக் கண்டக்டரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவானாம்.

எனக்கு டிக்கெட் மிஷின் கையில் இருந்து நழுவியது. சந்திரகிரி வரை நான் யாரிடமும் "எங்க ஏறுனீங்க" என்று கேட்கவில்லை. திருப்பதியில் அந்த அம்மாவின் மூட்டைகளை நானே தோளில் சுமந்து இறக்கி வைத்தேன். அது என்னை இன்னும் சந்தேகமாகப் பார்த்தது. ஜெயம்மா என்று ஆதாரில் பார்த்தேன்.

சும்மா எழுதினேன். காற்று மாற்றம் நல்லதுதான்.

இப்படிக்கு,
சாபம் வாங்கிய உன் நைனா

* * *

ஹான்லே,
17.1.2026

அன்புள்ள நைனா,

உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. ஆனால் விஷயம் பத்து நாளைக்கு முன்னாலேயே வந்துவிட்டது. "எங்கம்மாவோட வெல்லத்துக்கு ஆதார் கேட்டானாம் ஒரு கண்டக்டர்" என்று சுரேஷ் சிரித்துச் சிரித்துச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. இந்த உலகத்தில் வெல்லத்துக்கு ஆதார் கேட்கக்கூடிய கண்டக்டர் ஒருவர்தான். அது யார் என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

நைனா, நேராகச் சொல்லிவிடுகிறேன். நான் சுரேஷைத்தான் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறேன். புத்தூர் வேண்டாம். அவர்கள் மாடியிலிருந்து குமிழி தெரியாது. இந்த வேலையை விட்டால் நான் என்னவாக இருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். தெலுங்கு மாப்பிள்ளை என்றால் அம்மா என்ன சொல்வாள் என்று தெரியும். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியாது. தெரியாததுதான் அதிக பயம். வேண்டாம் என்றால் அதையும் நேராக எழுதுங்கள். பனியில் தபால் நின்றுவிட்டால் தாங்கமாட்டேன், சீக்கிரம் எழுதுங்கள்.

மூக்கு நலம் இல்லை. அழுதால் ரத்தம் வருகிறது.

உதயா

* * *

நகரி,
28.1.2026

அன்பு மகள் உதயாவுக்கு,

ஓகே.

தேங்காய் எண்ணெய் தடவு. இனி மற்றதைப் படி.

உன் அம்மாவிடம் சொன்னேன். "தெலுங்குக்காரனா?" என்றாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை. நான் கேட்கவும் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாவது நாள் சாயங்காலம் "தெருவுல இன்னா சொல்லுவாங்க?" என்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, அவளைத் தெருமுனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெயிலில் கொஞ்சம் வெளுத்து, நம் தெலுங்கு பேனர் இன்னும் தொங்குகிறது.

"இன்னா சொன்ன அன்னிக்கி? நம்ம வூட்டு நல்ல விஷயம் எதுவானாலும் தெலுங்குலயே போடுங்க, அதான் சரியா வரும்னு சொன்னியா இல்லியா? நாகபூஷணம் சாட்சி."

"அது பேனருக்குச் சொன்னேன்."

"நான் எல்லாத்துக்கும் ஓகே போட்டேன்."

முறைத்தாள். நாகபூஷணம் கடைக்குள்ளிருந்து "அக்கா சொன்னது நெஜந்தான்" என்றான். அவனையும் முறைத்தாள். அன்றைக்கு ராத்திரி ரசத்தில் உப்பு இருந்தது. இரண்டு பங்கு இருந்தது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு முழுவதும் குடித்தேன்.

புத்தூருக்கு நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். பையனின் அப்பா கோபப்படவில்லை. "குமிழி பெருசா, எங்க பையன் பெருசா?" என்று மட்டும் கேட்டார். இருபத்தைந்தாயிரம் ஒளியாண்டு என்று சொல்லவேண்டியதாகிவிட்டது.

உன் அம்மா பேனாவைப் பிடுங்குகிறாள்.

உதயா, அம்மாடி. உங்க நைனா எழுதறதுல பாதி புளுகு, ரசத்துல உப்பு சரியாத்தான் போட்டேன். அந்தப் பையன் ஒழுங்கா துன்றானா? ராத்திரி பூரா ரெண்டு பேரும் வானத்தப் பாத்துக்கினு நின்னா யாரு சமைக்கிறது? அவங்கம்மா சாம்பார்ல வெல்லம் போடுவாங்களாம், எனக்கு ஆவாது, சொல்லிடு. மூக்க சிந்தாத. அழுவாத.
அம்மா, தேவசேனா.

* * *

ஹான்லே,
10.2.2026

அன்புள்ள நைனாவுக்கும் காமா அம்மாவுக்கும்,

மூக்கு, நான், சுரேஷ் மூவரும் மிக நலம். கடிதத்தின் முதல் வார்த்தையைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் மற்றதைப் படிக்கவில்லை. கண்டக்டர் யார் என்று சுரேஷிடம் சொல்லிவிட்டேன். அவர் பனியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அம்மா இருபத்தெட்டாம் தேதி நகரிக்கு வருகிறார்கள். பெண்ணின் அப்பா அரசாங்க உத்தியோகம் என்று மட்டும் சொல்லியிருக்கிறாராம். மிச்சத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நைனா, ஒன்று மட்டும் எனக்குக் கழியவில்லை. நீங்கள் ஓடுகிற பஸ்ஸில் ஆதார் கார்டின் பொடி எழுத்தில் 'ஜெயம்மா' என்று படித்தவர். தினத்தந்தி வரி விளம்பரத்தில் கூட எழுத்துப்பிழை கண்டுபிடிப்பவர். பேனரில் அந்த 'க்' எங்கிருந்து வந்தது?

உங்கள்,
உதயா

* * *

நகரி,
2.3.2026

அன்பு மகள் உதயாவுக்கு நைனா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூடுதல், காரணம் கீழே வருகிறது. அங்கே நீயும் உன் மூக்கும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க முருகன் துணை.

ஜெயம்மா வந்தார்கள். நான் அன்றைக்கு மீசையை எடுத்துவிடலாமா என்று கூட யோசித்தேன், உன் அம்மா விடவில்லை. வாசலில் நின்று கும்பிட்டேன். அவர்கள் கும்பிடப் போன கையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். தெரு மொத்தமும் கேட்கிற மாதிரி, "ஈயன பெல்லம் கண்டக்டர்!" என்றார்கள், இவர் அந்த வெல்லக் கண்டக்டர் என்று.

உன் அம்மாதான் தெலுங்கில் நேராகச் சொன்னாள்: "அக்கா, நீங்க பஸ்ல விட்ட சாபம் பலிச்சிடுச்சி. எங்க பொண்ணுக்கு உங்க மாதிரியே ஒரு மாமியா கிடைச்சிட்டாங்க."

அந்த அம்மா சிரித்தார்கள் பார், எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. கையோடு கொண்டுவந்த வெல்ல உருண்டையை உடைத்து என் வாயில் திணித்து, "இதுக்கு லக்கேஜ் உண்டா அண்ணா?" என்றார்கள். சர்க்கரை இருக்கிறதென்று எப்படிச் சொல்வேன்? தின்றேன். சம்பந்தி இன்னொன்று கொடுத்தார்கள். அதையும். உன் அம்மாவும் அவர்களும் மத்தியானம் முழுக்க சாம்பாரில் வெல்லம் போடலாமா என்று விவாதித்து, முடிவு வராமல் பங்குனியில் நாள் பார்ப்பதாகப் பிரிந்தார்கள். தெருமுனை பேனரை சம்பந்திதான் முதல்முதலாக முழுவதும் படித்தார்கள். ஒரு தப்பும் இல்லை என்றார்கள்.

அந்த 'க்' எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தாய். ரோட்டுப் பள்ளத்தை மூடிவிட்டார்கள். முனிசாமி உன்னை விசாரித்ததாகச் சொன்னான். வெயில் இப்போதே ஏறிவிட்டது.

சரி. அது பிறந்தது நாகபூஷணம் கடையில்தான். ஆனால் தெருமுனைக்குப் போகிற வழியில் என் போனில் ஒருதரம் நின்றுவிட்டுப் போனது. அன்றைக்கு பஸ் ரேணிகுண்டா ரயில்வே கேட்டில் நின்றிருந்தது. கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. மாதிரியை இரண்டு விரலால் பெரிதாக்கி எழுத்து எழுத்தாகப் படித்தேன். முந்தின நாள் ராத்திரிதான், புத்தூர்க்காரர்கள் வருகிறார்கள் என்றதும் நீ "சரி நைனா" என்றிருந்தாய். இட்லி வேகவில்லை என்று நான் சொன்னால்கூட ஏன், எதற்கு, எத்தனை டிகிரி என்று கேட்கிற பெண் நீ. பிறந்ததிலிருந்து எனக்கு நீ ஒரு வார்த்தையில் சரி சொன்னதே இல்லை. கேட் திறக்கிற வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்த 'க்'கை இன்னொருதரம் நன்றாகப் பார்த்துவிட்டு, நாகபூஷணத்துக்கு 'ஓகே' என்று அனுப்பினேன்.

உன் அம்மாவிடம் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

இப்படிக்கு,
உன் நைனா